எடைக்கு ஒரு புள்ளி

எனக்குக் கணக்கு நன்றாக வரும். வந்த வினையே அதுதான்.

பீற்றிக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். பீற்றிக்கொள்கிற நிலையிலா இருக்கிறேன்? ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். குழந்தைகள் வார்டில் பத்தொன்பது வருடம் நர்ஸ் வேலை. பெரியவர்கள் வார்டில் ஒரு மாத்திரை என்றால் ஒரு மாத்திரை, போட்டுவிட்டுப் போகலாம். எங்கள் வார்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு பிள்ளையையும் எடை போட்டு, அந்த எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று டாக்டர் எழுதுவார். அந்த மில்லிகிராம் பாட்டிலில் எத்தனை மில்லிக்குள் இருக்கிறது என்று கண்டுபிடித்து சிரிஞ்சில் ஏற்றுவது எங்கள் பாடு.

மற்றவர்கள் செல்போனைத் தட்டிக்கொண்டிருக்கும்போது நான் விடை சொல்லிவிடுவேன். காய்ச்சலுக்கு நரம்பில் ஏற்றுகிற பாரசிட்டமாலா? எடையும், எடையில் பாதியும். எட்டு கிலோ பிள்ளைக்கு எட்டும் நாலும் பன்னிரண்டு மில்லி, முடிந்தது. டிரிப்பா? மணிக்கு அறுபது மில்லி என்றால் மூன்றால் வகு, நிமிடத்துக்கு இருபது சொட்டு. ஐந்தால் வகுக்க வேண்டுமா? இரட்டித்துப் புள்ளியைத் தள்ளு. வலிப்பை நிறுத்தும் ஊசியா? அதை நாங்கள் சுருக்கமாக 'மிடா' என்போம். அதற்குக் கணக்கே வேண்டாம், எடைக்கு ஒரு புள்ளி. ஏழு கிலோ என்றால் புள்ளி ஏழு மில்லி. இதையெல்லாம் மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் நானே எழுதிவைத்திருந்தேன். வார்டு முழுக்க அதைப் பார்த்துத்தான் ஓடியது. எனக்கு 'மெஷின்' என்று பெயர். கூப்பிடும்போது உச்சி குளிரும், மறைப்பானேன்.

என்னோடு அதே வருடம் அதே வார்டில் சேர்ந்தவள் ஒருத்தி. அவளுக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தது நான்தான். அவள் எல்லாவற்றையும் எழுதித்தான் போடுவாள். சட்டைப் பையில் துண்டு துண்டாக வெட்டிய பேப்பர் வைத்திருப்பாள். மேலே மணி எழுதுவாள், கட்டில் எண் எழுதுவாள், எடை எழுதுவாள், மருந்துச் சீட்டில் உள்ளதை ஒரு எழுத்து விடாமல் எழுதுவாள், பிறகுதான் கூட்டல் கழித்தல். "ஏய் நிதானம், நீ கணக்கு முடிக்கிறதுக்குள்ள அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே ஆயிடும்டி" என்பேன். "பதறாத காரியம் சிதறாது. நீ போ, முந்திரிக்கொட்டை" என்பாள். இப்படியே பேசிப் பேசி அவள் அண்ணனையே நான் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் வாயில் 'வாடி போடி' போய் 'அண்ணி' ஆகிவிட்டது. வார்டிலும் அண்ணி, வீட்டிலும் அண்ணி. அவள் புருஷன் போனபின் மகளோடு எங்கள் வீட்டு மாடியறைக்கே வந்துவிட்டாள். மகள் பத்தாவது படிக்கிறது, என்னை "அத்தை அத்தை" என்று சுற்றி வரும்.

வார்டில் ஒரு விதி உண்டு. குழந்தைக்கு ஊசி மருந்து ஏற்றுமுன் இரண்டு நர்ஸ் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். இரண்டு விடையும் ஒன்றானால்தான் பதிவேட்டில் 'கணக்கிட்டவர்', 'சரிபார்த்தவர்' என்ற இரண்டு கட்டத்திலும் கையெழுத்து. நல்ல விதி. ஆனால் மெஷின் சொன்ன பிறகு எவள் தனியாகப் போடப்போகிறாள்? நான் விடையைச் சொல்வேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். நிதானம் மட்டும் பேப்பரை எடுப்பாள். நான் சிரிப்பேன்.

அன்றைக்கு மதியம் இரண்டரை மணி. ஷிப்ட் மாறுகிற நேரம், பாதிப் பேர் வந்தும் பாதிப் பேர் கிளம்பியும் வார்டு சந்தைக்கடையாக இருந்தது. ஐந்தாம் கட்டிலில் ஐந்து மாதப் பெண் குழந்தை, எடை ஆறு புள்ளி நான்கு. காலையில்தான் காய்ச்சலோடு சேர்த்திருந்தார்கள். திடீரென்று கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. டியூட்டி டாக்டர் ஓடி வந்து மிடா எழுதினார், புள்ளி அறுபத்து நான்கு மில்லிகிராம். சரியான அளவு, அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அலமாரியைத் திறந்தேன். ஊசி மருந்து அடைத்த கண்ணாடிக் குப்பியைத்தான் ஆம்பியூல் என்போம், அதில் பழையது தீர்ந்து புதுப் பெட்டி வந்திருந்தது. பழையது சுண்டுவிரல் நீளம் இருக்கும், இது அதில் பாதிகூட இல்லை. இரண்டிலும் பெரிய எழுத்தில் '5 மி.கி.' என்றுதான் போட்டிருக்கும். "பாத்தியாடி நிதானம், சோப்புக் கம்பெனிக்காரன் மாதிரி இவனும் சின்னதாக்கிட்டான்" என்று ஜோக் அடித்தேன். ஆமாம், ஒரு பிள்ளை இழுத்துக்கொண்டு கிடக்கையில் ஜோக் அடித்தேன். அப்படித்தான் எங்களுக்குக் கை நடுங்காமல் இருக்கும்.

நிதானம் ஆம்பியூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பேப்பரை எடுத்தாள். எனக்குப் பொறுமை இல்லை. "புள்ளி அறுபத்து நாலு மில்லி, போடுடி கையெழுத்தை" என்றேன். போட்டாள். நான் ஊசியை ஏற்றினேன். எனக்கு அப்போது நினைவில் இருந்தது அவ்வளவுதான்.

வலிப்பு உடனே நின்றது. பிள்ளை துவண்டு அமைதியாகிவிட்டது. தாய்க்காரி அழுத கண்ணோடு என்னைப் பார்த்து, "தூங்கிட்டாளா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"தூங்கிட்டாம்மா" என்றேன்.

அரை நிமிடம் ஆகியிருக்காது. உதடு நீலம் பூத்தது. மூச்சு இல்லை. டாக்டர் பிள்ளையின் வாயில் மாஸ்க்கை வைத்துப் பலூனை அமுக்க ஆரம்பித்தார், நான் அதன் நெஞ்சை அமுக்கினேன், நிதானம் ஆக்சிஜனைத் திருப்பினாள். அந்த மருந்தை முறிக்கிற மருந்து எங்கள் வார்டில் இல்லை, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் ஓடி எடுத்துவர வேண்டியிருந்தது. நடுவில் டாக்டர் தட்டில் கிடந்த காலி ஆம்பியூலை எடுத்துப் படித்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "சிஸ்டர், இது ஒரு மில்லியில அஞ்சு" என்றார்.

பழையது ஐந்து மில்லியில் ஐந்து மில்லிகிராம், மில்லிக்கு ஒன்று. அதனால்தான் எடைக்கு ஒரு புள்ளி. என் குறுக்குவழி பிள்ளையின் எடையை மட்டும் பார்த்தது, ஆம்பியூலைப் பார்க்கவே இல்லை. அந்தப் பழைய ஆம்பியூல் என் கணக்குக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது, பத்தொன்பது வருடமாக அது அங்கே இருப்பதுகூட எனக்குத் தெரியாது. நான் ஏற்றியது ஐந்து மடங்கு. பாதி ஆம்பியூலுக்கு மேல் காலியானபோதாவது உறைத்திருக்க வேண்டாமா? முன்பெல்லாம் முக்கால்வாசிக்கு மேல் மிச்சமாகித் தூக்கிப் போடுவோமே. உறைக்கவில்லை. மெஷினுக்கு எங்கே உறைக்கும்!

குழந்தை மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய்விட்டது.

அந்தத் தாயைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எனக்கு அந்த அருகதை இல்லை.

அன்று மாலையே அலமாரிக் கதவில் நான் எழுதியிருந்ததை யாரோ ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டார்கள். வார்டில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் "யானைக்கும் அடி சறுக்கும் சிஸ்டர்" என்றார்கள். யானை சறுக்கினால் யார் மேல் விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை. மேட்ரன் எங்கள் இருவரையும் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். நல்ல மனுஷி.

"மூணாம் நாள் விசாரணை. வெளியிலேருந்து அதிகாரி வர்றாங்க. ஆம்பியூல் மாறினதை ஸ்டோர்ல ஒரு வார்த்தை எழுதிக்கூட அனுப்பல. பாதித் தப்பு அவங்களுது. நீங்க ரெண்டு பேரும் கவனிக்கலன்னு உள்ளதைச் சொல்லுங்க. கொஞ்ச மாசம் சஸ்பெண்ட் பண்ணுவாங்க. வேலை போகாது."

நான் தலையாட்டினேன். நிதானம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை போய்விட்டது, நாங்கள் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்படித்தான் இருந்தது, வேறெப்படிச் சொல்ல?

அடுத்த நாள் வீட்டில் துணி துவைக்க உட்கார்ந்தேன். எங்கள் இரண்டு பேர் யூனிஃபார்மையும் நான்தான் துவைப்பேன். அவள் சட்டைப் பைக்குள் கை விட்டால் ஒரு துண்டுப் பேப்பர். பிரித்துப் பார்த்தேன்.

மேலே 2.36 என்று மணி. கட்டில் ஐந்து. எடை 6.4. கீழே '5 மி.கி., 1 மில்லி' என்று எழுதி இரண்டு கோடு கிழித்திருந்தாள். அதற்குக் கீழே 0.64, அதை இரட்டித்து 1.28, புள்ளியைத் தள்ளி 0.128. அதைச் சுற்றி வட்டம்.

இரட்டித்துப் புள்ளியைத் தள்ளு. நான் சொல்லிக்கொடுத்த குறுக்குவழி. அவளுக்கு விடை சரியாக வந்திருக்கிறது. என் மருந்து ஏறுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே வந்திருக்கிறது.

சோப்புத் தண்ணீரில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மீதி நினைவுக்கு வந்தது. நான் மறந்தே போயிருந்த மீதி. பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, "அண்ணி, ஒரு நிமிஷம், எனக்கு வேற வருது" என்று அவள் சொன்னாள். சொன்னாள்! நான் டாக்டருக்கும் கேட்கும்படி, "உனக்கு என்னைக்கு எங்கூட ஒண்ணா வந்திருக்கு? புள்ளி அறுபத்து நாலு மில்லி, போடுடி கையெழுத்தை" என்றேன். சிரித்தேன். டாக்டரும் லேசாகச் சிரித்தார். அவள் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

பாவி, பாவி என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். நுரை கண்ணில் பட்டு எரிந்தது.

வேன் ஓட்டிவிட்டுச் சாப்பிட வந்த என் வீட்டுக்காரரிடம் பேப்பரைக் காட்டினேன். அவர் கைகூடக் கழுவாமல் நின்று படித்தார்.

"கிழிச்சுப் போடு. மேட்ரன் சொன்னதையே ரெண்டு பேரும் சொல்லிட்டு வாங்க."

"என்னங்க பேசறீங்க? உங்க தங்கச்சி மேல தப்பே இல்லங்க. அவ சரியாப் போட்டிருக்கா. நான் பண்ணின பாவத்துல அவ எதுக்குப் பாதி சுமக்கணும்? இதைக் காட்டினா அவ தப்பிச்சுடுவா."

"அவகிட்ட கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா. அவளை எனக்குத் தெரியாதா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மாலையில் நிதானம் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இரண்டு நாளில் கண் குழி விழுந்திருந்தது. "அண்ணி, என் சட்டைப் பையில ஒரு பேப்பர் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்லையே" என்றேன். பேப்பர் அப்போது என் கைப்பைக்குள் இருந்தது.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணியில கரைஞ்சு போயிருக்கும். போனா நல்லதுதான்" என்றாள்.

பார், எனக்காகத் தன் நியாயத்தையே தண்ணீரில் விடப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது இவளுக்கு நல்லது செய்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன். வேலை போகட்டும், ஜெயிலுக்கே அனுப்பட்டும். கண் இமைக்கும் நேரத்தில் எடுத்த முடிவு. என் எல்லாக் கணக்கையும் போல.

விசாரணை, ஆஸ்பத்திரி அலுவலக மாடியில். நீள மேஜை, அந்தப் பக்கம் மேட்ரன், குழந்தைகள் பிரிவுப் பெரிய டாக்டர், நடுவில் வெளியிலிருந்து வந்த அதிகாரி. வழுக்கைத் தலை, மெல்லிய குரல், கோபமே இல்லாத மனிதர். பதிவேடு அவர் முன் திறந்து கிடந்தது. முதலில் நிதானத்திடம் கேட்டார்.

"ஆம்பியூல் மாறினது உங்களுக்குத் தெரியுமா?"

அவள் அவளுக்கே உரிய நேரத்தை எடுத்துக்கொண்டாள். பிறகு, "தெரியல சார்" என்றாள்.

"பொய் சார்!" நான் எழுந்துவிட்டேன். "என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றா. அவ கணக்கைச் சரியாப் போட்டா. நான்தான் கேட்கல. இந்தாங்க, அவ கையெழுத்துல இருக்கு." கைப்பையைத் திறந்து பேப்பரை மேஜையில் வைத்தேன். என் குரல் அந்த அறைக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது. மேட்ரன் கண்ணை மூடிக்கொண்டார். ஏன் மூடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. மனசுக்குள் அப்பாடா என்றிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதிகாரி பேப்பரை இரண்டு தடவை படித்தார். பதிவேட்டைப் பார்த்தார்.

"இது உங்க எழுத்துதானா?"

"ஆமா சார்" என்றாள் நிதானம்.

"இதுல ரெண்டு முப்பத்தாறு. ஊசி போட்டது ரெண்டு முப்பத்தெட்டு. கணக்கை முன்னாடியே போட்டுட்டீங்க."

"ஆமா சார்."

"அப்போ சரியான அளவு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் தப்பான அளவுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"சார், நான்தான் அவளை அவசரப்படுத்தினேன். நாலு பேர் முன்னாடி கேலி பண்ணினேன். அவ வேற வருதுன்னு சொன்னா சார், நான்தான்..." என்றேன்.

"உட்காருங்கம்மா." அவர் குரல் உயரவே இல்லை. "நீங்க பண்ணினது பெரிய தப்பு. ஆனா தெரியாம பண்ணினீங்க. இந்த ரெண்டாவது கட்டம் எதுக்கு இருக்கு? முதல் ஆள் தப்புப் பண்ணினா தடுக்கறதுக்கு. இவங்க கைல விடை இருந்துச்சு. ஊசியைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம்."

"ஆமா சார்" என்றாள் நிதானம் மறுபடி. "நிறுத்தியிருக்கலாம்."

வெளியே வந்தோம். நீள வராந்தா, சுவரோரம் மரப் பெஞ்சு. அவள் அதில் உட்கார்ந்தாள். நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். "நீ தப்பிச்சுடுவன்னு நினைச்சேன்டி, சத்தியமா, உனக்கு நல்லதுன்னு..." என்றேன்.

"அன்னைக்கு ராத்திரியே உக்காந்து யோசிச்சேன் அண்ணி" என்றாள். குரலில் கோபம் இல்லை, ஒரு கணக்கை விளக்குகிற மாதிரிதான் சொன்னாள். "தெரியலன்னா ரெண்டு பேருக்கும் கொஞ்ச மாசம். தெரியும்னா எனக்கு வேலையே இல்ல. எழுதிக்கூடப் பாத்தேன். உன்னைக் காப்பாத்த ஒண்ணும் அப்படிச் சொல்லல. என் பொண்ணு படிப்பு இருக்கு. அதுக்காகத்தான் வாயை மூடிக்கிட்டேன். அந்தக் குழந்தையை நினைச்சா அதுவும் பாவம்தான்."

நான் அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் கை என் தலைமேல் வந்து விழுந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி" என்றாள்.

பதினொரு நாள் கழித்து இரண்டு கவர் வந்தன. என் வீட்டுக்காரர் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நான் என்னுடையதைக் கிழித்து ஒரே பார்வையில் முடித்துவிட்டேன். ஸ்டோர் அறிவிக்காத காரணத்தால், பழக்கத்தால் நேர்ந்த பிழை. ஆறு மாதம் சஸ்பெண்ட்.

நிதானம் தன்னுடைய கவரை ஓரமாகப் பிரித்து, முதல் வரியிலிருந்து படித்தாள். ஒரு தடவை முடித்து மறுபடி ஆரம்பித்தாள். அவள் தோளுக்கு மேலாக நானே பார்த்தேன். சரியான அளவை அறிந்திருந்தும் ஒப்புதல் அளித்ததால் பணி நீக்கம். நர்ஸ் பதிவும் ரத்து. இனி எந்த ஆஸ்பத்திரியிலும் அவள் ஒரு மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்க முடியாது.

காகிதத்தை மடிப்பு மாறாமல் மடித்துக் கவருக்குள் வைத்தாள். மாடியில் அவள் மகள் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தது கேட்டது. என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி அதையும் பொறுமையாகப் படித்தாள்.

"ஆறு மாசம்தானே அண்ணி" என்றாள். "ஓடிடும்."